லத்தீன் ஏடுகளில் மரணச் சொற்கள்: எதை இறந்த தேதி என்று எழுதலாம், எதை எழுதக் கூடாது?

படியெடுப்பவன்:

வணக்கம். ஐரோப்பியக் கத்தோலிக்கப் பங்கு ஏடுகள், இங்கிலாந்தின் பழைய வம்சாவளிகள், அரசரிடம் நிலம் வைத்திருந்தவர் இறந்ததும் நடந்த நில விசாரணைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குடும்ப மர அட்டவணை தயாராகிறது. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுத முடிகிறது. எழுதிய பிறகும் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சிக்கிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன்.

ஓர் ஏட்டில் பெயருக்குப் பின் 'டெனாட்டுஸ்' என்று வருகிறது. 'நாட்டுஸ்' என்றால் பிறந்தவன் என்பதால் அது பிறப்பாக அட்டவணையில் ஏறிவிட்டது. அதன்படி அந்த ஆள் தன் திருமணத்துக்கு முப்பது வருடம் கழித்துப் பிறந்திருக்கிறார்.

ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் 'ஓப் பெரிகுலும் மோர்ட்டிஸ்' என்று இருக்கிறது. 'ஓப்' என்பதை 'ஓபியிட்' (இறந்தார்) என்பதன் சுருக்கமாக எடுத்து, அன்றே இறந்த குழந்தை என்று குறித்தாயிற்று. இருபத்திரண்டு வருடம் கழித்து அதே பெயருக்கு, அதே பெற்றோருடன் திருமணப் பதிவு கிடைக்கிறது.

கல்லறை வாசகம் ஒன்று: 1701 ஜூனில் மரணம், 'ஆன்னோ ஏட்டாட்டிஸ் சுவே 63'. வயது 63 என்று எடுத்துக்கொண்டோம். கழித்தால் 1638. அந்த வருடத்தில் ஞானஸ்நானம் எதுவும் இல்லை. 1639 பிப்ரவரியில் அதே பெயர் ஒன்று இருக்கிறது. இருவரும் ஒருவர்தானா?

வம்சாவளியில் ஒருவருக்கு 'டி.எஸ்.பி.எம்.' என்று போட்டிருக்கிறது. சந்ததி இல்லை என்று அந்தக் கிளையை மூடிவிட்டோம். இப்போது அவருடைய மகள் என்று ஒருத்தி வேறொரு குடும்பத்தின் மரத்தில் நிற்கிறாள்.

கடைசியாக, 14ஆம் நூற்றாண்டு நில விசாரணையில் 'ஓபியிட் டியே மார்ட்டிஸ்' என்று இருக்கிறது. இறந்தது மார்ச் மாதத்திலா?

ஏட்டுக்கணக்கு:

பங்கு ஏடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். வழக்கு, வம்சாவளிக் கேள்விகளுக்கு அந்தத் துறையில் புழங்குபவர்கள் வரட்டும்.

'டெனாட்டுஸ்' என்றால் இறந்தவன். மூன்று சொற்களைச் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'நாட்டுஸ்' பிறந்தவன், 'ரெனாட்டுஸ்' மறுபடி பிறந்தவன், அதாவது ஞானஸ்நானம் பெற்றவன், 'டெனாட்டுஸ்' பிறப்பு நீங்கியவன். கோடு மங்கிய பக்கத்தில் முதல் எழுத்துகள் அழிந்து 'நாட்டுஸ்' மட்டும் தெரியும். அப்போது சுற்றியிருப்பதைப் பாருங்கள். ஞானப்பெற்றோர் பெயர் இருந்தால் அது ஞானஸ்நான ஏடு. வயதும் அடக்கமும் இருந்தால் இறப்பு ஏடு.

'ஓப்' விஷயத்தில் நடந்தது பலருக்கும் நடக்கும் தவறு. கடைசியில் முற்றுப்புள்ளியோடு வரும் 'ஓப்.' பெரும்பாலும் 'இறந்தார்' என்பதன் சுருக்கம். முற்றுப்புள்ளி இல்லாத 'ஓப்' லத்தீனில் 'காரணமாக' என்ற முன்னிடைச்சொல். 'ஓப் பெரிகுலும் மோர்ட்டிஸ்' என்றால் 'மரண ஆபத்து இருந்ததால்'. பிள்ளை பிழைக்குமோ என்ற பயத்தில் வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பிழைத்திருக்கிறது. உங்கள் திருமணப் பதிவே சாட்சி. அதே வரியில் 'ஓப்ஸ்ட்.' என்று இருந்தால் அது 'ஓப்ஸ்டெட்ரிக்ஸ்', மருத்துவச்சி. அவசர ஞானஸ்நானத்தைக் கொடுத்தவள் பெரும்பாலும் அவள்தான். அவள் பெயரையும் இறந்தவள் என்று ஏற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று கண்ணை ஏமாற்றும். 'ஓபியிட்' என்ற சொல்லில் இரண்டு 'ஐ' எழுத்துகள் அடுத்தடுத்து வரும். எழுத்தர்கள் இரண்டாவதற்குக் கீழே வால் இழுப்பார்கள். இரண்டும் சேர்ந்து 'ஒய்' போலத் தெரியும். அதைப் புதுச்சொல் என்று தேடி அலைய வேண்டாம்.

இறப்பு ஏட்டின் வாக்கிய அமைப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1614இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட ரோமைச் சடங்கு நூல், இறந்தோர் ஏட்டை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரியே கொடுத்தது. ஆண்டு, நாள், மாதம், இன்னாரின் மகன் இன்னார், வயது, இன்னார் வீட்டில், திருச்சபையின் ஒன்றிப்பில் 'ஆனிமாம் டேயோ ரெட்டிடிட்', அதாவது ஆன்மாவை ஆண்டவரிடம் திருப்பிக் கொடுத்தார், உடல் இன்ன நாளில் இன்ன கோவிலில் அடக்கம், இன்ன நாள் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை), இன்ன நாள் நற்கருணை, இன்ன நாள் அவஸ்தைபூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு). ஒரே பதிவில் ஐந்து தேதிகூட வரலாம், அவற்றில் ஒன்றுதான் இறந்த நாள். எது எந்த வினைச்சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் முதல் தேதியை எடுத்து ஏற்றுவதுதான் அட்டவணைகளில் மலிந்திருக்கும் பிழை.

சோம்பல்பட்ட எழுத்தர்கள் இந்த மாதிரியைச் சுருக்கி ஒரே தேதியோடு முடித்துவிடுவார்கள். 'செபுல்ட்டுஸ் எஸ்ட்' இருந்தால் அது அடக்க நாள், 'மோர்ட்டுவுஸ் எஸ்ட்' அல்லது 'ஓபியிட்' இருந்தால் இறந்த நாள். 'செபுல்ட்டுஸ்' மட்டும் இருந்தால் இறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 'ப்ரிடியே' இருந்தால் முந்தின நாள். 'எயோடெம் டியே' இருந்தால் அதே நாள். ஆனால் அது மேலேயிருக்கும் பதிவின் நாளைச் சுட்டும். பக்கத்தின் முதல் வரியாக வந்தால் முந்தின பக்கத்தைத் திருப்பியாக வேண்டும்.

ஆண் பெண் பார்க்க விகுதி போதும்: '-உஸ்' ஆண், '-ஆ' பெண். ஆனால் 'மோர்ட்.', 'செப்.' என்று வெட்டி எழுதினால் விகுதி போய்விடும். அப்போது 'ஃபீலியுஸ்', 'ஃபீலியா', 'உக்ஸோர்' ஆகிய சொற்களைப் பிடியுங்கள்: மகன், மகள், மனைவி. சொல்லின் முடிவில் மேலே சிறிய 9 போல ஒரு சுழி இருந்தால் அது '-உஸ்'. எண் என்று நினைத்து வயதாக ஏற்றிவிடுவார்கள்.

மாதங்களில் 7-ப்ரிஸ் செப்டம்பர், 8-ப்ரிஸ் அக்டோபர், 9-ப்ரிஸ் நவம்பர், 10-ப்ரிஸ் அல்லது ரோமன் பத்து போட்ட எக்ஸ்-ப்ரிஸ் டிசம்பர். ஏழாம் மாதம் ஜூலை என்ற கணக்கு இங்கே செல்லாது.

இறப்புக் காரணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நாடுகளில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784இல் கொண்டுவந்த ஆணைக்குப் பிறகு ஏடுகள் கட்டம் போட்டு வருகின்றன, காரணத்துக்குத் தனிக் கட்டமும் உண்டு. 'வரியோலே' பெரியம்மை, 'ப்தீஸிஸ்' உருக்கி நோய், 'ஹைட்ரோப்ஸ்' உடலில் நீர் சேர்ந்து வீங்கும் நீர்க்கோவை, 'செனியும்' முதுமை, 'ஆர்டினாரியா' இயல்பான சாவு. 'ஃபெப்ரிஸ்' வெறும் காய்ச்சல். என்ன காய்ச்சல் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. அதை மலேரியா, டைஃபாய்டு என்று இன்றைய பெயருக்கு மாற்றாதீர்கள். நீர்க்கோவைக்குப் பின்னால் இதயமும் இருக்கலாம், சிறுநீரகமும் இருக்கலாம். இருந்த சொல்லையே எழுதுங்கள்.

வாரிசுரிமை:

டி.எஸ்.பி.எம். பற்றிச் சொல்கிறேன், இதில்தான் கிளைகளே தொலைந்துபோகின்றன.

அடிப்படைச் சுருக்கம் டி.எஸ்.பி.: 'டெசெஸ்ஸிட் சினே ப்ரோலே', சந்ததியின்றி இறந்தார். ஓ.எஸ்.பி. என்பதும் இதேதான், வினைச்சொல் மட்டும் 'ஓபியிட்'. இதன் வாலில் ஓர் எழுத்து சேர்ந்தால் பொருள் மாறும். 'எம்' சேர்ந்தால் 'மஸ்குலா', ஆண் சந்ததி இல்லை. உங்கள் ஆளுக்கு மகள் இருப்பதில் முரண்பாடே இல்லை. பட்டமும் நிலமும் ஆண்வழி போன குடும்பங்களில் இந்தச் சுருக்கம் மகள்களைச் சொல்லாமல் கடந்துபோகும். 'எல்' சேர்ந்தால் 'லெகித்திமா', சட்டப்படியான சந்ததி இல்லை. மணத்துக்கு வெளியே பிள்ளை இருந்திருக்கலாம். கடைசியில் இன்னொரு 'எஸ்' வந்தால் 'சூப்பர்ஸ்டிட்டே', உயிரோடு மிஞ்சிய சந்ததி இல்லை. டி.எஸ்.பி.எம்.எஸ். என்றால் மகன்கள் பிறந்திருக்கலாம், தந்தைக்கு முன்பே போய்விட்டார்கள் என்று பொருள். வெறும் டி.எஸ்.பி.யைக்கூட முழுசாக நம்ப வேண்டாம். சிறுவயதில் இறந்த பிள்ளைகளைக் கணக்கில் எடுக்காமல் இதைப் போட்ட தொகுப்பாளர்கள் உண்டு. திருமணமாகவில்லை என்றும் இதற்குப் பொருள் இல்லை. அதற்கு 'சேலெப்ஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது.

டி.வி.பி. என்றால் 'வீட்டா பாட்ரிஸ்', தந்தை உயிரோடு இருக்கும்போதே இறந்தார். டி.வி.எம். என்றால் தாய் உயிரோடு இருக்கும்போது. பட்டம் தாத்தாவிடமிருந்து நேராகப் பேரனுக்குத் தாவியிருந்தால் நடுவில் இருப்பவருக்கு இந்தக் குறி இருக்கும். தேதி தெரியாவிட்டாலும் இது ஓர் எல்லை: தந்தை இறந்த தேதிக்கு முன்.

அடுத்து 'டியே மார்ட்டிஸ்'. இது செவ்வாய்க்கிழமை. மார்ச் மாதமானால் 'மென்ஸிஸ் மார்ட்டியி' என்று வரும். லூனே திங்கள், மெர்குரியி புதன், யோவிஸ் வியாழன், வெனெரிஸ் வெள்ளி, சப்பாட்டி சனி. நில விசாரணைகளில் நாளைக் கிழமையும் திருநாளும் அரசர் ஆண்டும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஒரு மாதிரியைப் பிரித்துக் காட்டுகிறேன்: 'டியே மார்ட்டிஸ் ப்ரோக்ஸிமா போஸ்ட் ஃபெஸ்டும் சாங்க்டி மிகயேலிஸ், மூன்றாம் எட்வர்டின் பத்தாம் ஆண்டு', அதாவது புனித மிக்கேல் திருநாளுக்கு அடுத்து வரும் செவ்வாய். அவருடைய ஆட்சி 1327 ஜனவரி 25இல் தொடங்கியது. ஆகவே பத்தாம் ஆண்டு 1336 ஜனவரி 25 முதல் 1337 ஜனவரி 24 வரை. மிக்கேல் திருநாள் செப்டம்பர் 29. ஜூலியன் நாட்காட்டியில் 1336இல் அது ஞாயிறு. அடுத்து வரும் செவ்வாய் அக்டோபர் 1. செப்டம்பர் திருநாளைச் சொன்ன பதிவு, இறப்பு அக்டோபரில். 'இன் க்ராஸ்டினோ' என்றால் திருநாளுக்கு மறுநாள், 'இன் ஆக்டாவிஸ்' என்றால் எட்டாம் நாள். ஆனால் திருநாளையும் சேர்த்து எண்ண வேண்டும், எனவே மிக்கேல் திருநாளின் எட்டாம் நாள் அக்டோபர் 6, 7 அல்ல.

இந்த விசாரணைகளை 'இன்க்விஸிட்டியோ போஸ்ட் மோர்ட்டெம்' என்பார்கள். இன்றைய போஸ்ட்மார்ட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலைத் தொடவே மாட்டார்கள், நிலத்தைத்தான் அறுத்துப் பார்ப்பார்கள். அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்தவர் இறந்ததும், 'டியெம் க்ளாவ்ஸிட் எக்ஸ்ட்ரேமும்' என்ற ஆணை எஸ்சீட்டர் என்ற அதிகாரிக்குப் போகும். 'கடைசி நாளை மூடிவிட்டார்' என்பது அதன் பொருள். ஆணையின் தேதிக்கு முன்பே மரணம் நடந்துவிட்டது என்பதால் அது உறுதியான மேல் எல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு மாவட்ட நடுவர்கள் இரண்டு இறந்த தேதி சொல்லியிருப்பார்கள். ஒன்றை அடித்துவிடாமல் இரண்டையும் ஏற்றுங்கள். வாரிசின் வயதுக்குப் பின் 'எட் ஆம்ப்லியுஸ்' இருந்தால் 'அதற்கு மேலும்' என்று பொருள். '21 எட் ஆம்ப்லியுஸ்' என்றால் ஆண் வாரிசு மேஜர் ஆகிவிட்டார் என்றுதான் அர்த்தம், முப்பத்தைந்தாகவும் இருக்கலாம். அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து எடுப்பது வீண்.

மரணச் சொல் இருந்தும் மரணமே இல்லாத இடங்களும் உண்டு. 'டொனாட்டியோ மோர்ட்டிஸ் காவ்ஸா' சாவை எதிர்பார்த்துக் கொடுக்கும் கொடை. கொடுத்தவர் பிழைத்துக்கொண்டால் திரும்பப் பெறலாம், எனவே அந்தப் பத்திரத்தின் தேதியில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். 'சிவிலிட்டெர் மோர்ட்டுவுஸ்' சட்டத்தின் கண்ணில் இறந்தவர்: துறவற வாக்குக் கொடுத்தவர் போன்றோர். சொத்து கைமாறும், ஆள் இன்னும் முப்பது ஆண்டு மடத்தில் வாழ்வார். 'மனுஸ் மோர்ட்டுவா' என்றால் இறந்த கை. நிலம் திருச்சபை போன்ற சாகாத அமைப்பின் கைக்குப் போய்விட்டது என்பதைக் குறிக்கும், 1279ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது இதைத்தான். யாருடைய சாவும் இதில் இல்லை.

உயில் நிரூபணப் பதிவுகளில் 'டே போனிஸ் நோன் அட்மினிஸ்ட்ராட்டிஸ்' கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். முதலில் நிர்வாகம் ஏற்றவர் வேலை முடியும் முன் இறந்துபோக, மிச்சச் சொத்துக்குப் புது ஆளை நியமிக்கும் ஆணை அது. உயில் எழுதியவர் பல்லாண்டுக்கு முன்பே போயிருப்பார். அந்த ஆணை சமீபத்தில் நடந்த வேறொரு மரணத்துக்குச் சாட்சி. 'நுப்பெர் டே' என்பதும் பொறி: 'அண்மையில் இன்ன ஊரில் இருந்தவர்' என்று பொருள், உயிரோடு இருப்பவருக்கும் வரும், 'டெஃபுங்க்டுஸ்' கூட இருந்தால்தான் இறந்தவர். இங்கிலாந்து நீதிமன்ற ஆவணங்களில் லத்தீன் 1733 மார்ச் 25இல் நின்றது, 1650களிலும் சில ஆண்டுகள் ஆங்கிலமே. அதற்குப் பிந்திய ஆவணங்களில் லத்தீன் கலைச்சொல்லாக மட்டுமே மிஞ்சியது.

அப்படி மிஞ்சியதில் ஒன்று 'கொம்மோரியென்டெஸ்', ஒரே விபத்தில் சேர்ந்து இறந்தவர்கள். யார் முதலில் என்று தெரியாவிட்டால், 1925ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சொத்துச் சட்டம் 184ஆம் பிரிவின்படி மூத்தவர் முதலில், இளையவர் பிறகு என்று கொள்வார்கள். வாரிசுரிமைக்காக எடுத்த அனுமானம் இது. மரத்தில் இதை நடந்த வரிசையாக எழுதக் கூடாது.

படியெடுப்பவன்:

மிக்க நன்றி. மூடிய கிளையைத் திறந்துவிட்டேன். இன்னொரு பதிவை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். 'டியே 4 எக்ஸ்-ப்ரிஸ் செபுல்ட்டா எஸ்ட் ஆன்னா, ரெலிக்டா டெஃபுங்க்டி கேயோர்கியி, ப்ரிடியே சூபிட்டோ மோர்ட்டுவா, சினே சாக்ரமென்டிஸ், ஆன்னோரும் சிர்சிடெர் 70.' இதில் ஆன்னாவும் கேயோர்கியும் சேர்ந்து இறந்தார்களா? 'சாக்ரமென்டிஸ் இல்லாமல்' என்பதால் தற்கொலையோ?

ஏட்டுக்கணக்கு:

இறந்தது ஆன்னா மட்டும். 'டெஃபுங்க்டி' என்ற வடிவம் ஆறாம் வேற்றுமை, அது 'கேயோர்கியி'யோடு சேரும்: 'காலஞ்சென்ற ஜார்ஜின் கைம்பெண் ஆன்னா'. டிசம்பர் 4 அடக்கம், டிசம்பர் 3 இறப்பு. ஜார்ஜ் அதற்கு முன்பே இறந்துவிட்டார். எப்போது என்று இந்தப் பதிவு சொல்லவில்லை. அவருக்கு 'டிசம்பர் 3க்கு முன்' என்று எல்லை மட்டும் போடுங்கள்.

இதே அமைப்பு திருமணப் பதிவில் வந்தால் இன்னும் பயன். 'மரியா, ஃபீலியா டெஃபுங்க்டி பெத்ரி' என்றால் இறந்தவர் அப்பா, மணப்பெண் அல்ல. 'ஃபீலியுஸ் க்வோண்டம் பெத்ரி' என்றாலும் அதே: அப்பா போய்விட்டார். இறப்பு ஏடே எரிந்துபோன ஊர்களில், பிள்ளைகளின் திருமணங்களை வரிசையாக அடுக்கி, எந்தத் திருமணம்வரை அப்பா பெயர் தனியாக வருகிறது, எதிலிருந்து 'டெஃபுங்க்டி' சேர்கிறது என்று பார்த்தால் இறந்த காலத்தை நெருக்கிப் பிடிக்கலாம்.

தற்கொலை என்ற முடிவு வேண்டவே வேண்டாம். 'சூபிட்டோ' என்றால் திடீரென்று, 'சினே சாக்ரமென்டிஸ்' என்றால் நற்கருணை, அவஸ்தைபூசுதல் போன்ற கடைசிச் சடங்குகள் இல்லாமல். குருவானவர் வருமுன் உயிர் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார், தன் கடமை தவறவில்லை என்று காட்ட. தற்கொலைக்கு அந்தக் கால இங்கிலாந்துக் கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) பதிவில் 'ஃபேலோ டே ஸே' என்ற தீர்ப்பு வெளிப்படையாக இருக்கும். விபத்துக்கு 'பெர் இன்ஃபோர்ட்டூனியும்', இயற்கைச் சாவுக்கு 'எக்ஸ் விஸிட்டாட்டியோனே டேயி'. அந்தச் சொல் இல்லாமல் ஒருவர்மேல் அதைச் சுமத்தக் கூடாது.

'சிர்சிடெர் 70' தோராயம். முதியவர்களுக்கு 60, 70, 80 என்று முழு எண்ணாக எழுதுவது வழக்கம், பத்து வருடம்கூட தள்ளிப்போகும்.

நாட்கணக்கர்:

கல்லறைக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 'ஆன்னோ ஏட்டாட்டிஸ் சுவே 63' என்றால் 'தம் வயதின் 63ஆம் ஆண்டில்'. 62 நிறைந்து 63 நடக்கிறது. 1701 ஜூனில் இறந்திருந்தால் பிறப்பு 1638 ஜூனுக்கும் 1639 ஜூனுக்கும் இடையில். உங்கள் 1639 பிப்ரவரிப் பதிவு அழகாக உள்ளே விழுகிறது. 'ஆன்னோரும் 63' அல்லது 'விக்ஸிட் ஆன்னோஸ் 63' என்றிருந்தால் நிறைந்த வயது, அப்போது ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஆனால் எல்லாக் கல்வெட்டுக்காரரும் இலக்கணப்படி எழுதவில்லை. 'ஆன்னோ' விடுபட்டு வெறும் 'ஏட்டாட்டிஸ் 63' இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது தேடும் எல்லையை இரண்டு வருடமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞானஸ்நானப் பதிவு இங்கிலாந்து ஏட்டிலிருந்து வந்ததானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் மாறியது. ஏட்டில் '1639 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1640. அப்போது எல்லைக்கு வெளியே போய்விடும், வேறு ஆள். கத்தோலிக்க ஏடு என்கிறீர்கள், எந்த நாட்டினது என்று பக்கத்தின் தலைப்பைப் பார்த்து உறுதிசெய்துவிட்டு இணையுங்கள்.

அட்டவணையில் இறப்புக்கு ஒரு கட்டம் மட்டும் இருந்தால் இந்தக் குழப்பங்கள் திரும்பத் திரும்ப வரும். ஏட்டில் இருந்த சொல்லை அப்படியே எழுத ஒரு கட்டம், இறந்த தேதிக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று, 'இதற்கு முன்' என்ற எல்லைக்கு ஒன்று, தேதி நேராக எழுதியிருந்ததா நாம் கணக்கிட்டதா என்பதற்கு ஒன்று. ஆன்னாவின் பதிவு இவற்றில் நான்கை நிரப்பும், ஜார்ஜுடையது எல்லைக் கட்டத்தையும் மூலச்சொல் கட்டத்தையும் மட்டும்.